மாத்தளைக் குழியில் யாருடைய பிள்ளைகள்?

(மாத்தளையில் தமிழ் உத்தியோகத்தரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு நாம் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் வழிமறித்து ஒரு கேள்வி கேட்டார். "தமிழர் கூடும் கூட்டத்திலே சிங்களப் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர். 1983 ஜூலையில் மாத்தளை நகரிலே தமது கடையை நெருப்புக்குப் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர் கேட்கும்போது அக்கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அவருக்கு அளிக்கவேண்டிய மறுமொழியையே இன்றைய பேச்சாக வைத்துக்கொண்டோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண் வெட்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். நீதவானின் உத்தரவின்படி அகழ்வு நடைபெற்றது. 2013ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவ்வேலை முடிந்தபோது 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டிருந்தன. குழியின் மண்ணையும் அங்கே கிடைத்த பொருள்களையும் ஆராய்ந்த களனிப் பல்கலைக்கழகத்துத் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அக்குழி 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கணித்தார். அந்த ஆண்டுகளைக் கேட்டவுடனே இம்மாவட்டத்தில் ஆயிரம் வீடுகளில் மூச்சு நின்றிருக்கும்.

பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. எலும்புகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு வந்தது. ஆணைக்குழுவும் அதனையே ஏற்றது. வழக்கு அடங்கியது. குழியும் அடங்கியது.

இங்கே படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே அச்சோதனையைப் பற்றிச் சிறிது சொல்வதில் தவறில்லை. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் அணுகுண்டுகளை வானத்திலே வெடித்துச் சோதித்தமையால் காற்றிலுள்ள கதிர்வீச்சுக் கரிமத்தின் அளவு ஏறத்தாழ இரட்டித்தது. அக்காற்றை உட்கொண்ட பயிரைத் தின்று வளர்ந்த எந்த உயிரின் எலும்பிலும் அந்த அடையாளம் உண்டு. 1968இற் பிறந்து 1989இல் இறந்த ஓர் இளைஞனின் எலும்பு, 1940களில் இறந்த ஒருவரின் எலும்பைப்போல் சோதனையில் தோன்ற முடியாது. ஆகவே பேராசிரியர் கூற்றும் ஆய்வுகூடத்தின் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. இரண்டில் ஒன்று பிழை. எது பிழை என்று அறிய வேறு மாதிரிகளை எடுத்து, வேறு ஆய்வுகூடங்களில், உறவினர் முன்னிலையில் மறுபடியும் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது விண்ணைத் தாண்டும் வேலையன்று. ஒருவேளை ஆணைக்குழு சொன்னதே சரியென்று முடிந்தாலும், 1950க்கு முன் ஓர் அரசாங்க வைத்தியசாலை வளவில் 150க்கு மேற்பட்ட மனிதர்கள் எப்படிப் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கும் யாரும் விடை தேடவில்லை.

இன்னொரு செய்தியையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. குழி தோண்டப்பட்ட காலத்தில் அவரே பாதுகாப்புச் செயலாளர். 2019 முதல் 2022 வரை அவரே ஜனாதிபதி. இக்குழி தொடர்பாக எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளி என்று கண்டதில்லை. அதனையும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்நாட்களை நாம் மறந்துவிட்டோமா? இரவானால் விளக்கை அணைக்கவேண்டும் என்று சுவரொட்டி வரும். தேசப்பிரேமி ஜனதா வியாபாரய என்ற பெயரிலே வரும் துண்டுக் கடதாசி ஒன்று கடைகளை மூடு என்று கட்டளையிடும். மறுநாட் காலையில் இராணுவத்தினர் வந்து பூட்டை உடைத்துக் கடையைத் திற என்பார்கள். திறந்தவன் இரவிலே கேள்விக்குள்ளாவான். திறவாதவன் பகலிலே கேள்விக்குள்ளாவான். பம்பாய் வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் விற்பதே தேசத்துரோகம் என்று 1989இல் இந்தியப் பொருள்களுக்குத் தடை போட்டார்கள். வெங்காயத்துக்கு நாடு பார்த்து உயிரெடுத்த காலம் அது! அவர்களாற் கொல்லப்பட்டவரின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செல்லக்கூடாது என்ற கட்டளையும் இருந்தது. மறுபுறத்திலோ சீருடையோடும் சீருடையின்றியும் வந்தவர்கள் பிள்ளைகளை வீட்டிலிருந்து இழுத்துச் சென்றார்கள். தெருவோரங்களில் டயர்கள் புகைந்தன. மகாவலியிலே பிணங்கள் மிதந்தன. நாடு முழுவதிலும் மாண்டவர் தொகை 30,000 என்பாரும் உளர். 60,000 என்பாரும் உளர். இரண்டு கணக்குக்கும் இடையிலே உள்ள 30,000 பேரும் மனிதர்களே அல்லவா? அவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதுகூட ஒரு நாட்டுக்குத் தெரியவில்லை.

இப்பொழுது கடினமான பகுதிக்கு வருகிறோம். இந்தக் கொலைகளை அரசும் கிளர்ச்சிக்காரரும் மோதியதால் விளைந்தவை என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். மறுபாதி, புரட்சி பேசியவர்கள் புரட்சி பேசியவர்களைக் கொன்ற கதை. 1986 டிசெம்பரிலே கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சுயாதீன மாணவர் சங்கத் தலைவர் தயா பத்திரண கொல்லப்பட்டார். அவர் முதலாளியல்லர், இடதுசாரி மாணவர். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி விஜய குமாரதுங்க சுட்டுக்கொல்லப்பட்டார். இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபையையும் ஏற்றுக்கொண்டதும், யாழ்ப்பாணம் சென்று தமிழ் இளைஞரோடு பேசியதுமே அவர் செய்த குற்றங்கள். கம்யூனிஸ்டுக் கட்சி, சமசமாஜக் கட்சிகள், குமாரதுங்கவின் கட்சி ஆகியவற்றின் தொண்டர்கள் ஊரூராக வேட்டையாடப்பட்டனர். அவர்களுட் சிலர் தற்காப்புக்கென்று அரசாங்கத்திடமே துப்பாக்கி பெற்றனர். பிறகு அத்துப்பாக்கிகள் தற்காப்போடு நிற்கவில்லை. மார்க்ஸையும் லெனினையும் ஒரே வகுப்பறையிலிருந்து படித்தவர்கள் இப்படி இருபுறமும் நின்றார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு இக்கதையிலே ஒரு தனிப் பக்கம் உண்டு. மக்கள் விடுதலை முன்னணி 1965இல் தோன்றியபின் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய புகழ்பெற்ற ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்பு வாதத்தைப் பற்றியது. கொழுந்து பறித்துக் கூலி பெறும் மலையகத் தொழிலாளி அந்த வகுப்பிலே இந்தியாவின் கைக்கருவியாகச் சித்திரிக்கப்பட்டான். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் ஒப்பந்தத்தால் மூட்டை முடிச்சோடு கப்பலேற்றத் தீர்மானிக்கப்பட்ட அவனைப் பார்த்து, நீ விஸ்தரிக்க வந்தவன் என்றார்கள்! இதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. ஆயினும், அந்த வகுப்பைக் கேட்டவன் பத்தொன்பது வயதுச் சிங்களக் கமக்காரனின் மகன். அவனைக் கட்டி இழுத்துச் சென்றவர்களிடம் அவன் எந்த வகுப்பைக் கேட்டான் என்று நாம் விசாரித்துவிட்டு அழவேண்டுமா? நமது கடைக்காரப் பெரியவர் கேட்ட கேள்விக்கு முதல் மறுமொழி இதுதான்.

இரண்டாம் மறுமொழி சட்டத்திலே இருக்கிறது. 1983 ஜூன் மாதத்திலே, ஜூலை நெருப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்பாக, 15ஏ என்ற அவசரகால விதி பிறப்பிக்கப்பட்டது. மரண விசாரணையின்றியே பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ அவ்விதி இடங்கொடுத்தது. அது வடக்கிலே தமிழ்ப் பிணங்களுக்காகச் செய்யப்பட்ட விதி. தெற்கிலே அதனை எதிர்த்துக் குரலெழுப்பியவர் மிகச் சிலர். ஐந்து ஆண்டு சென்றது. 1988இன் இறுதியிலே அதேபோன்ற விதி திரும்பி வந்தது; இம்முறை சிங்களப் பிணங்களுக்காக. தமிழனுக்கு வெட்டிய மண்வெட்டியாலேயே சிங்களவனுக்கும் குழி வெட்டினார்கள். அக்குழி சிங்களக் குழி, நமக்கென்ன என்று சொல்வோமானால், 1983இல் தெற்கு நம்மைப் பார்த்துச் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்கிறவர்களாவோம்.

மூன்றாவது மறுமொழியைச் சொல்லும்போது இங்கே சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985 ஜூலையிலும் ஓகஸ்டிலும் பூட்டான் நாட்டுத் திம்புவிலே தமிழ் இயக்கங்கள் யாவும் ஒரே மேசையில் ஒரே அணியாக அமர்ந்தன. அவை வைத்த நான்கு கோரிக்கைகளுள் ஒன்று, இந்நாட்டைத் தம் நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பது. நமக்காக வைக்கப்பட்ட கோரிக்கை அது. ஒன்பது மாதங்கூட முழுதாகக் கழியவில்லை. 1986 ஏப்ரில் இறுதியிலே விடுதலைப் புலிகள் தமிழீழ விடுதலை இயக்கத்தின்மேற் பாய்ந்தனர். மே 6ஆம் திகதி அவ்வியக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசெம்பரில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணிக்கும் அக்கதியே நேர்ந்தது. 1990 ஜூன் 19ஆம் திகதி அம்முன்னணியின் செயலாளர் பத்மநாபாவும் தோழர்களும் சென்னையிலே சுட்டுக்கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட இயக்கங்களும் பசுக்களாக இருந்தவையல்ல. தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்துக்குள்ளேயே தன் உறுப்பினர்களைத் தானே கொன்ற கொடுமையை 1985இல் வெளிவந்த "புதியதோர் உலகம்" என்ற நாவல் வெளியிட்டது. "முறிந்த பனை" என்ற நூலை எழுதியவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் தெருவிலே சுடப்பட்டார்.

யாழ்ப்பாணத்துச் சந்தியிலும் டயர் எரிந்தது. நமது மாவட்டத்துத் தெருவிலும் டயர் எரிந்தது. அங்கே எரிந்தவன் துரோகி என்றார்கள். இங்கேயும் எரிந்தவன் துரோகி என்றார்கள். சிங்களத்திலும் தமிழிலும் அந்தச் சொல் செய்த வேலை ஒன்றே.

இனி, நினைவுகூரும் முறையைப் பாருங்கள். நவம்பர் 13 மக்கள் விடுதலை முன்னணியின் வீரர் நாள். 1989இல் றோகண விஜேவீர கொல்லப்பட்ட நாள். அதே நவம்பர் 27 புலிகளின் மாவீரர் நாள். ஜூன் 19 பத்மநாபாவின் தோழர்களுக்குத் தியாகிகள் நாள். ஜூலை நடுப்பகுதியில் உமாமகேஸ்வரனின் தோழர்களுக்கு வீரமக்கள் நாள். ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அந்நாளிலே அவ்வியக்கத்தின் படங்களுக்கு மாலை விழுகிறது, விளக்கு எரிகிறது. அது தவறென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பிள்ளையை இழந்த வீட்டிலே விளக்கேற்றாதே என்று சொல்பவன் மனிதனல்லன். ஆனால் ஓர் இயக்கத்தின் கையால் மற்றோர் இயக்கத்துப் பிள்ளை மாண்டானே, அவன் பெயர் கொன்றவர்களின் நாட்காட்டியில் எங்கே இருக்கிறது? எந்த இயக்கத்திலும் சேராமல், கடை திறந்ததற்காகவும், சவத்தைத் தூக்கிச் சென்றதற்காகவும், வாக்களித்ததற்காகவும் மாண்டவன் எந்த நாட்காட்டியில் இருக்கிறான்? அவனுக்கு நவம்பரும் இல்லை, ஜூனும் இல்லை.

அயர்லாந்தைப் பற்றி நம் முன்னோர் மேடைதோறும் பேசியதுண்டு. டி வலேராவின் பெயர் சொல்லாத சுதந்திரப் பேச்சு அக்காலத்தில் அரிது. அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஆங்கிலேயனை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற அவ்வீரர்கள், 1921 டிசெம்பர் ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று பிளவுபட்டு, 1922 ஜூன் முதல் 1923 மே வரை ஒருவரையொருவர் கொன்றார்கள். மைக்கேல் கொலின்ஸை ஆங்கிலேயன் கொல்லவில்லை; பழைய தோழர்களே கொன்றார்கள். புதிய அரசோ எழுபதுக்கு மேற்பட்ட பழைய தோழர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. அந்தப் பிளவிலிருந்து பிறந்த இரண்டு பெருங்கட்சிகளும் கூட்டாக ஓர் அரசாங்கம் அமைக்க 2020ஆம் ஆண்டு வந்தது. 1916இன் எழுச்சியைப் பற்றிப் பாட்டும் கதையும் பெருகிய அந்நாட்டிலே, 1922ஐப் பற்றிக் குடும்பங்கள் பல பேரப்பிள்ளைகளிடங்கூட வாய்திறக்கவில்லை.

மாத்தளையிலும் அப்படித்தான். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நம் மாவட்டத்தின் பெருமை. தம்புள்ளையிலே முடிசூடிய கொங்காலேகொட பண்டாவையும் கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்ட புரன் அப்புவையும் பாடப்புத்தகத்திலே படிக்கிறோம். எதிரி வெள்ளைக்காரன் என்பதால் அக்கதை சொல்ல எளிது. 1989ஐப் பாடப்புத்தகத்தில் எழுதப்போனால் அடுத்த வீட்டுக்காரன் பெயர் வரும்.

தமிழராகிய நமக்கு இந்த மண்ணிலே பெயரில்லாத பிணம் புதிதன்று. மன்னாரிலே இறங்கிக் காட்டுவழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையரில் எத்தனை பேர் வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தார்கள் என்பதற்குக் கல்லறை இல்லை. 2023ஆம் ஆண்டு, இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை மக்கள் நடந்து கடந்தார்கள். அந்த நெடுவழியின் இரு முனைகளையும் பாருங்கள். இந்த முனையிலே மாத்தளைக் குழி. அந்த முனையிலே, மன்னார் நகரத்துச் சதொச வளவில் 2018இல் கண்டெடுத்த 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்று 2019இல் முடிவு வந்தது. அதையும் காணாமற்போனோரின் உறவினர் ஏற்கவில்லை. 2025இலே செம்மணியில் 200க்கு மேற்பட்டோரின் எச்சங்கள், சிறு குழந்தைகளுடையவை உட்பட, வெளிவந்தன. வடக்கிலே எலும்பு எடுக்கும்போது தெற்கின் தாயும், தெற்கிலே எடுக்கும்போது வடக்கின் தாயும் அருகிலே வந்து நின்றால், எலும்பின் வயதைச் சொல்கிறவர்கள் இன்னும் கவனமாகச் சொல்வார்கள் என்பது நம் எண்ணம்.

ஒரு காட்சியைச் சொல்கிறோம். முத்துமாரியம்மன் கோயில் வாசலிலே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிங்களத் தாய் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். மகனை 1989இற் கொண்டுபோய்விட்டார்களாம். யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டோம். அவள் நம்மைப் பார்த்தாள். கோயிலுக்கு வந்த கூட்டத்தையும் பார்த்தாள். பிறகு அடுத்த தேங்காயை எடுத்தாள். முப்பது ஆண்டு சென்றபின்னும் வாய்திறக்க அச்சம்! கொண்டுபோனவன் ஊரிலேதான் இருந்தானோ, நமக்குத் தெரியாது.

இன்று அரசியல் மாறியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்துக் கலேவெலப் பகுதியிற் பிறந்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். மாத்தளைக் குழி தோண்டப்பட்டபோது அது தம் தோழர்களின் புதைகுழி என்று கூறி விசாரணை கேட்டது அவருடைய கட்சிதான். 2014இல் பி.பி.சி. வானொலிக்கு அளித்த பேட்டியில் அக்காலத்துக் கொலைகளுக்காக அவர் வருத்தமும் தெரிவித்தார். அதனை நாம் சிறிதாக மதிக்கவில்லை. தமிழ் இயக்கத் தலைவர்களுள் எத்தனை பேர் அவ்வளவாவது சொன்னார்கள்? 2025 மார்ச்சிலே பட்டலந்த ஆணைக்குழுவின் அறிக்கை, எழுதி முடித்துக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நல்லது. பட்டலந்தையிலே வதைபட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய தோழர்கள். தோழர்களால் வதைபட்டவர்களின் அறிக்கையும் அதே மேசையிலே வைக்கப்படவேண்டும். எதிர்க்கட்சியில் இருந்து மாத்தளைக்காகக் கேட்டதை இன்று செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. மறுசோதனைக்கு ஓர் உத்தரவு போதும். 1994இல் நியமிக்கப்பட்ட மத்திய வலய ஆணைக்குழு இம்மாவட்டத்து முறைப்பாடுகளையும் கேட்டது. அப்பெயர்களை எலும்புகளின் மரபணுவோடு ஒப்பிட உறவினர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தாய்மார் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டு காத்திருந்தால் ஒப்பிட இரத்தம் இராது.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்கப்போவதில்லை. அதற்காகத்தான் உங்களைக் கூட்டினோம். நூறு பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றிலே நான்கு கோடு இழுத்திருக்கிறோம். பெயர், ஊர் அல்லது தோட்டம், கொண்டுபோன அல்லது கொன்ற நாள், கொண்டுபோனவர் யார். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று தனிக்கோடு இல்லை. 1971 என்றாலும் எழுதலாம். 1983 என்றாலும் எழுதலாம். 1989 என்றாலும் எழுதலாம். வடக்கிலே இயக்கத்துக்குப் போய், சகோதர இயக்கத்தாற் கொல்லப்பட்ட மலையகப் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனையும் எழுதலாம். கிராம ஆசிரியர்களும் தோட்டத்துத் தலைவர்மாரும் மிளகு வாங்க வீடுவீடாகச் செல்லும் வியாபாரிகளும் ஆளுக்கொரு கொப்பி எடுத்துச் செல்லுங்கள். சிங்கள வீட்டிலே சிங்களத்தில் எழுதுங்கள். சட்டத்தரணிகள் இருவர் அவற்றைப் பிரதி செய்து சத்தியக்கடதாசியோடு காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

நான்காவது கோட்டிலேதான் கை நடுங்கும். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். சொல்ல அஞ்சினால் இடத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு ஒருநாள் நிரப்பலாம். "எங்கள் பக்கத்தார்" என்பதுதான் விடை என்றால், அதையும் எழுதுங்கள். நாம் எடுத்த முதற் கொப்பியிலே முதல் வரியை நமது கடைக்காரப் பெரியவரே நேற்றிரவு வந்து எழுதினார். 1988இலே அவருடைய கடையிற் கணக்கெழுதிக்கொண்டிருந்த சிங்களப் பையன் ஒருவனின் பெயர் அது. நான்காவது கோட்டை அவர் இன்னும் நிரப்பவில்லை. கொப்பி மேசைமேல் இருக்கிறது, வாருங்கள்.